மீட்டரில் சொன்ன நாள்கள்

தும்பையாற்று அணையின் நீர்மட்டத்தைக் கருவி மீட்டரில் அளந்தது. அதைக் கேட்க வேண்டியவருக்கோ மீட்டரில் அச்சம் வராது. இந்த ஒரு காரணத்துக்காகவே உலகம்மாளுக்கு அந்த அணையில் உத்தியோகம் இருந்தது.

காலையில் அவள் கட்டுப்பாட்டு அறைக்கு வந்து, நாற்காலியை மேசை விளிம்புக்கு நேராக இழுத்துப் போட்டுக்கொண்டு அமர்வாள். திரையில் முப்பத்திரண்டு புள்ளி நான்கு ஐந்து என்று இருந்தால், மனத்துக்குள் வகுத்து, நூற்றாறு அடி ஐந்தரை அங்குலம் என்று கண்டு, ஒலிவாங்கியில் நூற்றாறு அடி ஆறு அங்குலம் என்று சொல்வாள். அந்த அரை அங்குலத்தை அவள் தன் விருப்பப்படி கூட்டவில்லை. அணையின் படிகளில் பதித்த அளவுகல்லைப் பார்த்து மட்டத்தைக் கூவிச் சொன்ன பழைய காவலர்களின் முறை அது. கோடு காய்ந்து வெளியே தெரியும்வரை அந்த அங்குலம் தண்ணீருக்கே சொந்தம்.

புதிதாக மாற்றலாகி வந்த செயற்பொறியாளர் ஏசுவடியானுக்கு இந்த ஏற்பாடு விளங்கவில்லை. வகுத்துச் சொல்ல ஒரு சிறு நிரல் போதுமே, இதற்கென்று ஓர் ஆளா என்று அவர் முதல் நாளே கேட்டார்.

"போட்டுப் பாத்தாங்க சார்," என்றாள் உலகம்மாள். "நூத்தாறு புள்ளி நாலு ஆறு அடின்னு அது சொல்லிச்சு. 'யாருவே இது, புள்ளி வச்சுப் பேசுதது'ன்னு குற்றாலிங்கம் சார் ஒரு தடவை கேட்டாரு. பொறவு அன்னைக்குப் பூரா அவரு வாயே தொறக்கலை."

"அப்ப மீட்டர்லயே சொல்லிருங்களேன். அவரும் இன்ஜினியர்தானே, மாத்திக்கிட மாட்டாரா?"

"மாத்திக்கிடுவாரு. கணக்கு வரும். பயம் வராது."

ஏசுவடியான் கண்ணாடிச் சுவருக்கு அப்பால் போடப்பட்டிருந்த பார்வையாளர் பெஞ்சைப் பார்த்தார். அங்கே வெள்ளைச் சேலை உடுத்த ஒரு முதியவள் காதில் கேட்பொறியுடன் அமர்ந்திருந்தாள்.

குற்றாலிங்கம் இறந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன. வடக்கே ஓர் அணையைக் கணக்கிடும் இயந்திரத்தின் பொறுப்பில் முழுமையாக விட்டிருந்த காலத்தில், மதகுகளைத் திறக்க மிகச் சிறந்த கணத்துக்காக அந்த இயந்திரம் காத்திருந்தது. அந்தக் கணமும் வந்து கடந்து போனது. அதன் பின்னர் வந்த சட்டம், ஒவ்வொரு பெரிய அணையிலும் அஞ்சத் தெரிந்த ஒருவர் இருந்தே தீர வேண்டும் என்றது. இயந்திரம் என்ன சொன்னாலும் மதகைப் பற்றிய முடிவு அவருடையது. ஆனால் உயிருள்ளவர்கள் மாற்றலாகிப் போகிறார்கள், விடுப்பில் போகிறார்கள். எல்லாவற்றையும்விட மோசமாக, பழகிப் போகிறார்கள். எனவே ஒரு வெள்ளத்தை நேரில் கண்ட பொறியாளர்களின் மனத்தை அவர்கள் ஓய்வு பெறும் வாரத்தில் பதிவு செய்து வைத்துக்கொள்ளத் துறை முடிவு செய்தது. அதற்கான சம்மதத்தைக் குற்றாலிங்கமும் கொடுத்தார். கொடுக்கும்போது அவர் ஒரு விவரத்தைக் கவனித்துக் கேட்கவில்லை. பதிவும் பழகிப் போய்விடக் கூடாது என்பதற்காக, அன்றாட நினைவு ஒவ்வொரு விடியற்காலையிலும் துடைக்கப்படும். ஆகவே அவர் ஒவ்வொரு நாளும் புதிதாக அஞ்சினார்.

தாம் பதிவு என்பது அவருக்குத் தெரியும். அவர் பணியில் இருந்த கடைசி மாதங்களில் அவரிடம் வேலைக்குச் சேர்ந்தவள் உலகம்மாள்; தினமும் முதல் வேலையாக அதைச் சொல்லிவிடுவாள். "சரி, அது ஆகிப்போச்சா," என்பார். வீட்டில் சுகமா என்று கேட்பார். சுகம் என்று மட்டுமே சொல்ல வேண்டும் என்பது விதி. அதன் பிறகு, "எவ்வளவு இருக்கு உலகு?" என்பார்.

நூற்றுப் பத்து அடி வரையில் அவர் நல்ல மனிதர். அதற்கு மேல் ஒவ்வோர் அங்குலத்துக்கும் குரல் தாழும். நூற்றுப் பதினைந்தைத் தாண்டினால் ஒரே கேள்விதான் வரும்.

"கீழ்மருதூர்ல மாட்டை அவுத்து விட்டாச்சா?"

அவர் இளம் பொறியாளராக இருந்தபோது, மேலிடத்து உத்தரவுக்காகக் காத்திருந்து, நூற்றிருபத்தோர் அடியில் எல்லா மதகுகளையும் ஒருசேரத் திறக்க நேர்ந்தது. கீழ்மருதூர் மக்கள் எச்சரிக்கை கேட்டு மேட்டுக்கு ஏறிவிட்டார்கள். ஏறியவர்களில் பலர் கட்டிப் போட்ட மாடுகளை அவிழ்க்கத் திரும்பி இறங்கினார்கள். தண்ணீர் வடிந்த பின்னர் அவர் நடந்து போய்ப் பார்த்தார். கயிற்றின் ஒரு முனையில் மாடும் மறு முனையில் அதை அவிழ்க்க வந்தவருமாகக் கிடந்தார்கள். மனிதர்களை ஏற்றினால் மட்டும் போதாது, அவர்கள் திரும்பி வருவதற்கான காரணத்தையும் ஏற்றிவிட வேண்டும் என்பது அன்றிலிருந்து அவர் எலும்பில் ஊறிப்போனது.

இப்போது கீழ்மருதூரில் மாடே இல்லை. அடுக்குமாடி வீடுகள் வந்துவிட்டன. "அவுத்தாச்சு சார்," என்று உலகம்மாள் சொல்வாள். அவர் திரும்பவும் கேட்பார், அவளும் திரும்பவும் சொல்வாள். இந்தப் பணிக்கு வந்த புதிதில் அந்தக் குரலைக் கேட்டு அவளால் சாப்பிட முடியாமல் இருந்தது உண்டு. அது எப்போது நின்றது என்று அவளுக்குத் தெரியவில்லை. இப்போதெல்லாம் அவர் அஞ்சும்போது அவள் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்து, ரசத்தில் உப்புக் குறைவு என்று எண்ணுவாள். அந்த அணையில் ஒருவர் அஞ்சினால் போதுமானதாக இருந்தது.

பெஞ்சில் வந்து அமர்ந்த முதியவள் குற்றாலிங்கத்தின் மனைவி, குழல்வாய்மொழி. உறவினர் வந்து கேட்கலாம், பேசக் கூடாது. வீட்டாரின் குரல் கேட்டால் பதிவின் நிதானம் கெடும் என்றது துறை. ஏசுவடியான் வந்த அன்று மாலை அவள் பேருந்துக்குப் போகாமல், சிற்றுண்டிச் சாலையில் உலகம்மாளின் எதிரே வந்து அமர்ந்தாள். காப்பியை ஆற்றினாள். குடிக்கவில்லை.

"உசிரோட இருக்கையிலயும் மழை பெஞ்சா அவுக தூங்க மாட்டாவ," என்றாள். "வேலைன்னு இருந்தேன். போய்ச் சேந்த பொறவும் இப்படி வச்சிருக்கியளே பிள்ளே."

உலகம்மாள் விதியைச் சொன்னாள்.

"மீட்டர்ல சொன்னா பயம் வராதுன்னு நீதானே அந்தப் புதுத் தம்பிகிட்டச் சொன்ன? எனக்குக் கேட்டுச்சு."

"தண்ணி ஏறினா என்ன செய்ய அம்மா?"

"ஏறினா அடியில சொல்லு. நான் என்ன ஊரை முக்கவா சொல்லுதேன்? அணை இப்ப சும்மாதானே கெடக்கு. நாலு நாளைக்கு அந்த மனுசன் மாட்டை நெனைக்காம இருக்கட்டும்."

உலகம்மாள் தன்னிடம் இரக்கம் வருகிறதா என்று காத்திருந்து பார்த்தாள். வரவில்லை. வராதது அவளுக்குச் சற்றுச் சங்கடமாக இருந்தது. மறுநாள் அவள் செய்தது இரக்கத்தால் அன்று, அந்தச் சங்கடத்தால்தான்.

திரையில் முப்பத்து நான்கு புள்ளி ஒன்று என்று இருந்தது. அது நூற்றுப் பதினோரடி பதினோரங்குலம். அவள் வகுக்காமல், முப்பத்து நாலு புள்ளி ஒன்று மீட்டர் என்றாள். புள்ளி வைத்துப் பேசியும் அவர் கோபிக்கவில்லை. பழகிய குரல் என்பதால் இருக்கலாம்.

"மீட்டரா? என்ன, மேலிடத்து ஆளு யாரும் பக்கத்துல இருக்கானா?" என்று கேட்டார். "சரி. பொறுக்கலாம்."

பொறுக்கலாம் என்றால் மதகைத் திறக்க வேண்டியதில்லை என்று பொருள். இயந்திரமும் அதையே சொன்னதால் ஏசுவடியான் கையெழுத்திட்டார். அதன் பின் குற்றாலிங்கம் சும்மா இருக்கவில்லை, பேசினார். உலகம்மாள் அறியாத ஒரு மனிதர் அந்த ஒலிபெருக்கியிலிருந்து வெளிப்பட்டார். இந்த அணைக்கரை சரியாக ஆறு பர்லாங் நீளம் என்றும், காலை மாலை நடந்தால் ஒன்றரை மைல் ஆகும் என்றும், டாக்டர் கேட்டபோது தாம் மூன்று மைல் நடப்பதாகச் சொல்லி வைத்திருந்ததாகவும் சொன்னார். சிற்றுண்டிச் சாலைத் தோசையின் குறுக்களவை அங்குலத்தில் சொல்லி, ஒப்பந்தக்காரன் ஆண்டுக்குக் கால் அங்குலம் திருடுகிறான் என்றார். தண்ணீர் மீட்டருக்குப் போய்விட்டது. அடியும் அங்குலமும் அவருடைய மற்ற வாழ்க்கைக்குத் திரும்பக் கிடைத்திருந்தன.

"பொண்ணு பாக்கப் போனப்ப தரகன் என்ன சொன்னான் தெரியுமா? அஞ்சடி ரெண்டங்குலம்னான். காப்பி கொண்டுட்டு வந்தா. நான் கண்ணாலேயே அளந்துட்டேன். அஞ்சடி ஒண்ணு. எங்கம்மா காதுல சொன்னேன். 'அந்த ஒரு அங்குலத்தை வச்சு நீ என்னலே செய்யப் போற'ன்னு கேட்டா."

கண்ணாடிக்கு அப்பால் குழல்வாய்மொழி வாயை முந்தானையால் பொத்திக்கொண்டாள். அவள் தோள்கள் குலுங்கின. உலகம்மாள் இமைக்காமல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாளும் மீட்டரில் சொன்னாள். அதற்கு மறுநாளும். குழல்வாய்மொழி அணையின் அருகிலேயே உறவினர் வீடு ஒன்றில் தங்கிக்கொண்டு தினமும் வந்தாள். விதிப்படி அவ்வளவு முறை வரக் கூடாது; ஏசுவடியான் பாராதவர் போல இருந்துவிட்டார். மட்டம் மெல்ல ஏறியது. நாளைக்கு அடிக்குத் திரும்பிவிட வேண்டும் என்று உலகம்மாள் ஒவ்வொரு நாளும் எண்ணினாள். அவளுக்கு அவசரம் எதுவும் தோன்றவில்லை. திரையில் இருந்தவை எண்கள். எண்களைக் கண்டு அஞ்சும் வேலை அவளுடையது அன்று.

மலையில் மழை பிடித்துக்கொண்ட நாளில் முற்பகலிலேயே வரத்து பெருகியது. இயந்திரத்தின் கணிப்பைப் படித்த ஏசுவடியான், மாலை வரை பொறுக்கலாம் என்று அது சொல்வதாகவும், குற்றாலிங்கத்தின் வாக்கையும் கேட்டுவிட்டால் கோப்பு முடிந்துவிடும் என்றும் சொன்னார். திரையில் முப்பத்தாறு புள்ளி எட்டு என்று இருந்தது. உலகம்மாள் அதை அப்படியே சொன்னாள்.

"பொறுக்கலாம் பொறுக்கலாம்," என்றார் குற்றாலிங்கம். "உலகு, அந்தத் தரகன் கதையை உங்கிட்டச் சொல்லிருக்கேனா?"

சொல்லிவிட்டுச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு முடியும் முன்பே உலகம்மாளின் கைகள் சில்லிட்டன. பல ஆண்டுகளாக மறந்திருந்த உணர்ச்சி அது. இன்னதென்று அறிய அவளுக்குச் சில கணங்கள் பிடித்தன. கேட்காமலேயே மனம் வகுத்து முடித்திருந்தது. இந்த மட்டத்தில் அவர் சிரித்ததே இல்லை.

ஒலிவாங்கியை அருகில் இழுத்தாள். "சார், நூத்திருவது அடி ஒம்பது அங்குலம். ஏறுது."

குழல்வாய்மொழி பெஞ்சிலிருந்து எழுந்து கண்ணாடியில் இரு கைகளையும் வைத்தாள்.

"இவ்வளவு நேரம் யாருவே சும்மா இருந்தது?" என்றது குரல். அது வேறு மனிதருடைய குரல். "கொஞ்சங் கொஞ்சமாத் தொறக்கக் காலம் போச்சு. எல்லாத்தையும் தூக்கு. சங்கை ஊது. கீழ்மருதூர்ல மாட்டை அவுத்தாச்சா?"

"அவுத்தாச்சு சார்."

"அவுத்தாச்சா?"

"அவுத்தாச்சு சார்."

அந்தக் குரல் வந்த கணத்திலேயே அவளுடைய கைகளில் சூடு திரும்பியது. அவர் அஞ்சத் தொடங்கிவிட்டார். இனி அவள் அஞ்ச வேண்டியதில்லை. ஏசுவடியான் ஓடியாடி ஆணைகள் இடுவதை அவள் ஏதோ திரையில் பார்ப்பது போலப் பார்த்தாள்.

அணை நின்றது. கீழ்மருதூர் மக்களும் சங்கொலி கேட்டு மாடிகளுக்கு ஏறிவிட்டார்கள். அவர்களில் ஏழு பேர் தரைக்குக் கீழே நிறுத்தியிருந்த வண்டிகளை வெளியே எடுக்க இறங்கினார்கள். சரிவுப் பாதை வழியாகத் தண்ணீர் அவர்களுக்கு முன்னால் உள்ளே நுழைந்தது. உடல்களை எடுத்தபோது ஒருவர் கையில் சாவி இருந்ததாம். ஏசுவடியான் இதை உலகம்மாளிடம் சொல்லிவிட்டு, தலையைக் கைகளில் தாங்கிக்கொண்டு அமர்ந்தார். மாடு என்று அந்த மனிதர் கேட்டபோதெல்லாம், அங்கே இப்போது கட்டிக் கிடப்பது எது என்று ஒரு நாளாவது எண்ணிப் பார்த்தோமா என்றார். உலகம்மாள் எண்ணிப் பார்த்ததில்லை. அதை அப்படியே சொன்னாள்.

விசாரணை நடந்தது. எல்லாப் பேச்சும் பதிவாகியிருந்ததால் மறைக்க ஒன்றும் இல்லை. நீர்மட்டத்தைத் தெரிவிக்க வேண்டும் என்று மட்டுமே கையேட்டில் இருந்தது. எந்த அளவில் என்று எழுத யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. ஆகவே விதி மீறப்படவில்லை என்றும், மழை அளவுக்கு மிஞ்சியது என்றும் முடிவாயிற்று. தண்டனை ஏதாவது கிடைக்கும் என்று உலகம்மாள் காத்திருந்தாள். கிடைத்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும் என்றும் அவளால் சொல்ல முடியவில்லை.

தண்டனைக்குப் பதிலாகச் சென்னையிலிருந்து பதிவுப் பிரிவின் அதிகாரி சாரங்கன் வந்தார். மரியாதையான மனிதர். அன்று இயந்திரம் பொறுக்கச் சொன்னது, பதிவும் பொறுக்கச் சொன்னது. அறையில் இருந்த ஒரே ஒருவருக்குத்தான் அபாயம் தெரிந்தது என்று அவர் தொடங்கினார். குற்றாலிங்கத்தின் பதிவை விடுவித்துவிட்டு, அந்த இடத்தில் உலகம்மாளைப் பதிவு செய்யத் துறை விரும்புகிறது. செய்தியைக் கேட்ட குழல்வாய்மொழி வெளித்தாழ்வாரத்தில் வந்து காத்திருந்தாள்.

சாரங்கன் உலகம்மாளின் மணிக்கட்டில் நாடி பார்க்கும் ஒரு பட்டையைக் கட்டி, மட்டங்களை மீட்டரில் வாசித்தார். பட்டையில் ஒன்றும் அசையவில்லை. அடியில் வாசித்தார். அப்போதும் அசையவில்லை. குற்றாலிங்கம் மாட்டைக் கேட்கும் குரலை ஒலிக்கச் செய்தார். நாடி இன்னும் சற்று இறங்கியது.

"மேடம், உங்களுக்கு எதுலதான் பயம்?" என்றார். "அது தெரியலன்னா உங்களப் பதிவு பண்ணிப் பிரயோஜனம் இல்ல. அவரையே வச்சிக்க வேண்டியதுதான். அடியிலதான் சொல்லணும்னு இந்தத் தடவை விதியே போட்டுடுவாங்க."

உலகம்மாள் மேசையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தெரியாது என்று சொல்லிவிட்டு எழுந்து போகலாம். அவர் தினமும் புதிதாக அஞ்சுவார். அவள் தினமும் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறப்பாள்.

"அவரு சிரிச்சா," என்றாள்.

"புரியல."

"தண்ணி மேல நிக்கையில அவரு சிரிச்சா எனக்குப் பயம் வரும். வேற எதுலயும் வராது."

சாரங்கன் நூற்றிருபது அடி ஒன்பது அங்குலம் என்ற மட்டத்தைச் சொல்லிவிட்டு, அந்தத் தரகன் கதையின் சிரிப்பை ஒலிக்கச் செய்தார். பட்டையைப் பார்த்தார். நிறுத்தினார். நாடி எகிறியிருந்தது.

ஏற்பாடு எளிதாகவே அமைந்தது. குற்றாலிங்கத்தின் பதிவு நீடிக்கும். அவருக்கு இனி மீட்டரில் மட்டுமே சொல்லப்படும். அவர் பேசுவார், சிரிப்பார். உலகம்மாளின் பதிவு அதைக் கேட்டுக்கொண்டு, அடியில் மட்டத்தை அறிந்துகொண்டு, அஞ்சும். அவளுடைய நினைவும் விடியற்காலையில் துடைக்கப்படும். கேட்க வரக்கூடிய உறவினர் யார் யார் என்று சாரங்கன் வினவினார். ஒருவரும் இல்லை என்றாள். அப்படியானால் அந்தச் சிக்கலும் இல்லை என்றார் அவர். சொன்ன பின்னர் அதற்காக வருந்தியவர் போலக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எங்கே கையெழுத்திட வேண்டும் என்று அவள் கேட்டாள்.

வெளியே குழல்வாய்மொழி தூணைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"என்ன சொன்னாவ பிள்ளே? விட்டுருவாவளா?"

"இங்கதான் இருப்பாரும்மா. ஆனா இனிமே சாருக்கு மீட்டர்தான். எப்பவும்."

முதியவள் அதை விளங்கிக்கொள்ளச் சற்று நேரமாயிற்று. அதன் பிறகு உலகம்மாளின் கன்னத்தைத் தொட்டாள். "நீ நல்லா இருப்ப," என்றாள். இரண்டடி நடந்துவிட்டு நின்றாள்.

"அப்ப அடிக்கணக்கை யாருகிட்டச் சொல்லுவாவ?"

"ஒரு பொம்பளையைப் போடுதாங்க."

"பாவம்," என்றாள் குழல்வாய்மொழி. "தெனமுமா பயப்படணும்? அவளுக்காக வந்து கேக்க வீட்ல யாரும் இருக்காவளா?"

உலகம்மாள் சற்று யோசித்தாள்.

"தெரியலைம்மா," என்றாள். "விசாரிச்சுச் சொல்லுதேன்."